இன்டர்நேஷனல் ஸ்கூலில் புதிதாகச் சேர்த்திருக்கிறீர்களா? ஆக்டிவிட்டி ஃபார்மை நிரப்புவதற்கு முன் இதைப் படியுங்கள்

அட்மிஷன் முடிந்து, ஃபீஸ் கட்டி, யூனிஃபார்ம் வாங்கி, அப்பாடா என்று உட்காரும்போது பள்ளியிலிருந்து ஒரு மெயில் வரும். ஆக்டிவிட்டி சைன்-அப். திறந்து பார்த்தால் நீச்சல், கால்பந்து, ரோபோட்டிக்ஸ், நாடகம், செஸ், எம்.யு.என். (மாதிரி ஐ.நா. சபை), தோட்டக்கலை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோம், கிடைக்கிறதை எல்லாம் பிள்ளை பயன்படுத்திக்கொள்ளட்டுமே என்று தோன்றும். பெற்ற மனசுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான்.

ஆனால் புதிதாக வரும் குடும்பங்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: முதல் டேர்மில் இரண்டு போதும். ஒன்று உடம்பு வியர்க்கிற மாதிரி இருக்கட்டும், இன்னொன்று பிள்ளை தானாகக் கேட்டதாக இருக்கட்டும். மூன்றாவது எதுவானாலும் அடுத்த டேர்ம் பார்த்துக்கொள்ளலாம். மெட்ரிக்கிலிருந்தோ சி.பி.எஸ்.இ.யிலிருந்தோ வருகிற பிள்ளைக்குக் காலை 8 மணியிலிருந்து மாலை வரை எல்லாமே புதுசு, டீச்சரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, கையைத் தூக்கி எதிர்க்கருத்து சொல்வது, பாடப்புத்தகம் இல்லாமல் படிப்பது, பத்து விதமான உச்சரிப்பில் ஆங்கிலம் கேட்பது, மதியம் யார் பக்கத்தில் தட்டை வைப்பது என்பது வரைக்கும். அதற்கே முழு சக்தியும் போய்விடுகிறது. அதற்கு மேல் வாரத்தில் ஐந்து நாளும் ஒரு கிளப் என்றால் பிள்ளை எதையும் ரசிக்காது, எல்லாவற்றிலும் தலையைக் காட்டிவிட்டு வரும்.

முதலில், எது கட்டாயம், எது விருப்பம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

இன்டர்நேஷனல் ஸ்கூல் என்ற ஒரே பெயரில் சென்னையில் பல விதமான பாடத்திட்டங்கள் ஓடுகின்றன. உங்கள் பள்ளி ஐ.பி.யா (இன்டர்நேஷனல் பாக்கலரியேட்), கேம்பிரிட்ஜா, அமெரிக்கப் பாடத்திட்டமா என்பதைப் பொறுத்துத்தான் ஆக்டிவிட்டிக்கு என்ன எடை என்பது இருக்கிறது.

ஐ.பி. என்றால் மூன்று படிகள். 3 முதல் 12 வயது வரை பி.ஒய்.பி., 11 முதல் 16 வரை எம்.ஒய்.பி., கடைசி இரண்டு வருடம் டி.பி. என்கிற டிப்ளமா. பி.ஒய்.பி. கடைசி வருடத்தில் எக்சிபிஷன் என்று ஒன்று உண்டு, பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து ஒரு பிரச்சினையை ஆராய்ந்து எல்லோர் முன்னாலும் வைக்க வேண்டும். எம்.ஒய்.பி. ஐந்தாம் வருடத்தில் பெர்சனல் புராஜெக்ட். டிப்ளமாவில் சி.ஏ.எஸ். கட்டாயம், அதாவது படைப்பு, உடலியக்கம், சேவை மூன்றும். அதைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ., ஏ-லெவல் (நம் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாதிரி) பக்கம் சி.ஏ.எஸ். மாதிரி ஒரு கட்டாயம் கிடையாது. பள்ளியே வைத்திருக்கும் விதிகள் மட்டும்தான். அதனால் பக்கத்து ஃபிளாட்டில் இருப்பவர் "ஆக்டிவிட்டி பண்ணலைன்னா பாஸ் பண்ண முடியாது" என்று பயமுறுத்தினால், எந்த போர்டு, எந்த வகுப்பு என்று முதலில் கேளுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் பயம் தேவையே இல்லை.

அடுத்தது, சாயங்காலத்தைக் கணக்குப் போடுங்கள்

ஃபார்மைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். உதாரணத்துக்கு, வீடு அண்ணா நகர், பள்ளி ஈ.சி.ஆர். பக்கம். பள்ளி விடுவது 3.30, ஆக்டிவிட்டி முடிவது 4.45, லேட் பஸ் கிளம்புவது 5 மணி. அந்த நேரத்தில் திருவான்மியூரும் மத்திய கைலாஷும் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், ஓ.எம்.ஆர். பக்கம் வந்தால் மெட்ரோ வேலை வேறு. வீடு வந்து சேர 6.45 ஆகிவிடும். குளித்து, சாப்பிட்டு, ஹோம்வொர்க் முடித்து 10 மணிக்குப் படுத்தால், காலை 5.45-க்கு எழுப்ப வேண்டும். தூக்கம் எட்டு மணி நேரம்கூட இல்லை. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதில் 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்கள் சொல்லும் அளவு. புதுப் பள்ளியில் பிள்ளை எரிந்து விழுகிறது, அழுகிறது, எதற்கெடுத்தாலும் சண்டை என்று வருகிற பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது எத்தனை மணிக்குத் தூங்குகிறது என்பதைத்தான். பாதிப் பேருக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

லேட் பஸ்ஸைப் பற்றி டிரான்ஸ்போர்ட் ஆபீசில் தனியாகக் கேளுங்கள். வழக்கமான பஸ் நிற்கிற எல்லா ஸ்டாப்பிலும் லேட் பஸ் நிற்காது. சில பள்ளிகளில் மெயின் ரோட்டில் சில இடங்களில் மட்டும் இறக்கிவிடுவார்கள், அங்கே போய் யாராவது கூட்டி வர வேண்டும். தினமும் லேட் பஸ் இருக்காது, வெள்ளிக்கிழமை பெரும்பாலும் இல்லை என்கிற பள்ளிகளும் உண்டு. பஸ்ஸில் ஆயா இருப்பாரா, அவர் போன் நம்பர் என்ன, இதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தூரம் ரொம்ப அதிகம் என்றால் பள்ளியில் ஒரே ஒரு ஆக்டிவிட்டி போதும். விளையாட்டை வீட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். தெருவில் சைக்கிள், அபார்ட்மென்ட் கீழே ஷட்டில், பக்கத்து மைதானத்தில் கிரிக்கெட், எல்லாமே கணக்குதான். 5 முதல் 17 வயது வரை ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்குகிற மாதிரி ஓடியாட வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அது பள்ளி ஜெர்சியோடுதான் நடக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

ஃபார்மைப் பிள்ளையோடு உட்கார்ந்து நிரப்புங்கள்

சைன்-அப் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று குறித்து வையுங்கள், பிரபலமானவை சில நிமிடங்களிலேயே நிறைந்துவிடும். அதற்கு முந்தைய நாளே பிள்ளையோடு பேசி முதல் விருப்பம், இரண்டாவது விருப்பம் என்று எழுதி வைத்துவிடுங்கள்.

மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். ஒன்று, யார் நடத்துகிறார்கள். பள்ளி ஆசிரியரே நடத்தினால் பெரும்பாலும் தனிக் கட்டணம் இருக்காது, வெளியிலிருந்து கோச் வந்தால் தனி பில் வரும். புதுப் பிள்ளைக்குப் பள்ளி ஆசிரியர் நடத்துகிற கிளப் நல்லது, ஏனென்றால் தினமும் வராந்தாவில் பார்க்கிற ஒரு பெரியவர் அவன் பெயரைத் தெரிந்து வைத்திருப்பார். இரண்டு, திறந்த கிளப்பா, டிரையல்ஸ் வைத்து எடுக்கிற டீமா. முதல் மாதமே டீமில் எடுபடாமல் போனால் சில பிள்ளைகள் அதை மொத்தப் பள்ளியும் தன்னை வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்கள். டிரையல்ஸுக்குப் போகட்டும், ஆனால் திறந்த கிளப் ஒன்றும் கையில் இருக்கட்டும். மூன்று, எத்தனை பேர். எட்டு, பத்துப் பேர் இருக்கிற சமையல் கிளப்பிலோ தோட்டக் கிளப்பிலோ கிடைக்கிற நட்பு, நாற்பது பேர் மைதானத்தில் ஓடும்போது கிடைப்பது கஷ்டம்.

எம்.யு.என். பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஐ.நா. சபை மாதிரி ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாட்டின் பிரதிநிதியாக உட்கார்ந்து பேசுவது. பேசப் பிடிக்கிற பிள்ளைக்கு அருமையான களம். சேர்ந்த உடனே, அதுவும் ஆங்கிலத்தில் தயங்குகிற பிள்ளையைத் தைரியம் வரட்டும் என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு வருடம் கழித்து அவனே கேட்பான். மாநாட்டுக் கட்டணம், கோட்டு, பயணம் என்று செலவும் இருக்கிறது.

அப்புறம், முக்கியமான ஒன்று. பிள்ளை ஏற்கெனவே வெளியில் கற்றுக்கொள்கிற பரதமோ மிருதங்கமோ சிலம்பமோ செஸ்ஸோ இருந்தால் அதை நிறுத்தாதீர்கள். பள்ளி மாறும்போது நண்பர்கள், டீச்சர், பஸ், சாப்பாட்டு நேரம் எல்லாம் மாறுகிறது. மாறாமல் இருப்பது மயிலாப்பூரிலோ நங்கநல்லூரிலோ இருக்கிற அந்தப் பாட்டு டீச்சர் வீட்டுத் திண்ணை மட்டும்தான். அங்கே அவனை எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தை முதல் வருடம் காப்பாற்றுங்கள், பள்ளி ஆக்டிவிட்டி ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை.

சென்னை வெயிலும் மழையும்

ஆகஸ்டில் தொடங்குகிற பள்ளி என்றால் முதல் இரண்டு மாதம் மதியம் கொளுத்தும். வெளியில் விளையாடுகிற நாளில் பெரிய தண்ணீர் பாட்டில், தொப்பி, மாற்று டி-ஷர்ட். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மைதானம் நீரில் கிடக்கும், ஆக்டிவிட்டி ரத்து என்று மதியம் 2 மணிக்கு மெசேஜ் வரும், பிள்ளை வழக்கமான பஸ்ஸில் வந்துவிடும், வீட்டில் ஆள் இருக்க வேண்டும். அதை இப்போதே யோசித்து வையுங்கள். விளையாட்டை மட்டும் நம்பியிருக்கிற பிள்ளைக்கு அந்த மாதங்கள் சோர்வாக இருக்கும், அதனால்தான் இரண்டில் ஒன்று உள்ளே நடப்பதாக இருந்தால் நல்லது. ஜனவரியும் பிப்ரவரியும்தான் இந்த ஊரில் வெளியே ஓடுவதற்கு நல்ல மாதங்கள்.

சேவை என்றால் போட்டோ எடுப்பது அல்ல

இந்தப் பள்ளிகளில் சேவைக்குப் பெரிய இடம் இருக்கிறது, நான் மனதார மதிக்கிற பகுதி இது. ஆனால் ஒரு நாள் ஆசிரமத்துக்குப் போய் பிஸ்கட் கொடுத்து குரூப் போட்டோ எடுத்துத் திரும்புவதால் பிள்ளைக்கும் ஒன்றும் நடக்காது, அங்கே இருப்பவர்களுக்கும் ஒன்றும் நடக்காது. திரும்பத் திரும்பப் போகிற மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

சென்னையில் இதற்கு அருமையான வாய்ப்புகள் இருக்கின்றன. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையிலான கடற்கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைகளின் முட்டைகளைக் காக்கும் வேலையை மாணவர்கள் சேர்ந்து நடத்தும் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் செய்துவருகிறது. சீசனில், ஜனவரியிலிருந்து சில மாதங்கள், வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். நள்ளிரவை ஒட்டித் தொடங்கி விடியற்காலை வரை மணலில் நடை. டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. ஆமை கரையேறிய தடம் மணலில் டிராக்டர் டயர் பதிந்த மாதிரி இருக்கும், அதைப் பின்தொடர்ந்து போய்க் கம்பியால் மெதுவாகக் குத்திப் பார்த்து, முட்டை இருக்கும் குழியைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்துக் குஞ்சு பொரிக்கும் இடத்துக்குக் கொண்டு போவார்கள். நடையில் செத்து ஒதுங்கிய ஆமைகளையும் பார்க்க நேரிடும், 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நிறையவே ஒதுங்கின. சிறு பிள்ளையைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், திரும்பி வரும்போது அதைப் பற்றிப் பேசுங்கள். மறுநாள் லீவாக இருக்கிற இரவாகப் பார்த்துப் போங்கள்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, ஓ.எம்.ஆர். பக்கம் இருக்கிற பிள்ளைகள் பறவைகளை வாராவாரம் எண்ணிக் குறித்து வைப்பதை ஒரு நீண்ட வேலையாகவே செய்யலாம். பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள மாநகராட்சிப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும் ஏற்பாடு உங்கள் பள்ளியில் இருந்தால், தமிழ் சரளமாக வருகிற உங்கள் பிள்ளைதான் அங்கே முன்னால் நிற்க வேண்டியவள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தப் பள்ளிகளில் சில மாதங்களிலேயே நடக்கிற ஒன்றைப் பார்த்திருக்கிறேன். கேட்டில் அம்மா "என்னம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்கும்போது பிள்ளை சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் முணுமுணுக்கும். தமிழ் என்பது பஸ் டிரைவர் அண்ணாவும் ஹவுஸ்கீப்பிங் அக்காவும் பேசுகிற மொழி என்று அது நினைக்கத் தொடங்கியிருக்கும். திட்டாதீர்கள். ஆனால் நீங்கள் தமிழிலேயே பதில் சொல்லுங்கள், அந்த அண்ணாவையும் அக்காவையும் பெயர் சொல்லி, மரியாதையோடு பேசுங்கள், பிள்ளை பார்க்கட்டும். பொங்கலுக்குப் பள்ளியில் ஏதாவது ஏற்பாடு செய்தால் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். தன் மொழியை ஒளித்துவைக்கிற பிள்ளை, மனசில் உள்ளதையும் ஒளித்துவைக்கப் பழகிவிடும்.

கவுன்சலரைப் பிரச்சினை வரும் முன்பே பாருங்கள்

பெரிய பள்ளிகளில் இரண்டு விதமான கவுன்சலர்கள் இருப்பார்கள். ஒருவர் கல்லூரி விண்ணப்பத்துக்கு, இன்னொருவர் பிள்ளைகளின் மனநலத்துக்கு. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாமவரை, முதல் மாதத்திலேயே, "புதிதாகச் சேர்ந்திருக்கிறான், அறிமுகம் செய்துகொள்ள வந்தோம்" என்று. கவுன்சலர் என்றதும் வீட்டுப் பெரியவர்கள் "என் பேரனுக்கு என்ன, பைத்தியமா?" என்று கேட்பார்கள். பள்ளி நர்ஸைப் பார்ப்பது போலத்தான் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அவரிடம் கேட்க வேண்டியவை: பிள்ளை தானாக வந்து பேசலாமா, எந்த நேரத்தில்? பேசியதில் எதை எங்களிடம் சொல்வீர்கள், எதைச் சொல்ல மாட்டீர்கள்? பிள்ளை சொல்கிற எல்லாவற்றையும் பெற்றோரிடம் ஒப்பிக்கிற கவுன்சலரிடம் பிள்ளை இரண்டாம் முறை போகாது. அதே சமயம் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் துன்புறுத்தல் என்று தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் செய்வது கட்டாயம், பள்ளி உள்ளுக்குள்ளேயே பேசி முடிக்க முடியாது. பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை எங்கே இருக்கிறது, அதற்குப் பொறுப்பாளர் யார் என்பதையும் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். பயணம், கேம்ப் என்று ராத்திரி தங்கும் ஆக்டிவிட்டி வந்தால் கூட யார் போகிறார்கள், எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர், பெண் ஆசிரியர் இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வயிற்று வலி. டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருவது. இதில் கொஞ்சம் நில்லுங்கள். தயிர் சாதம் பிடிக்காமல் திரும்பி வந்ததா, வாசனை என்று யாராவது முகம் சுளித்ததால் திறக்கவே இல்லையா, உட்கார இடம் கிடைக்காமல் லைப்ரரிக்குப் போய்விட்டாளா? "ஸ்கூல் எப்படி இருந்தது?" என்றால் "ஓகே" என்றுதான் வரும். "இன்னைக்கு யாரோட சாப்பிட்ட?", "பஸ்ல பக்கத்துல யாரு?" என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் ஒரு வாரமாகப் பெயர் எதுவும் வரவில்லை என்றால் ஹோம்ரூம் டீச்சருக்கு எழுத வேண்டிய நேரம்.

அப்படி எழுதும்போது இவ்வளவு போதும்: "என் மகள் இரண்டு வாரமாக மதியம் தனியாகச் சாப்பிடுவதாகத் தெரிகிறது. நீங்கள் சில நாள் கவனித்துச் சொல்ல முடியுமா? அவளுக்கு இதை நான் எழுதியது தெரிய வேண்டாம்." யார் மேலும் குற்றம் சொல்லாமல், பார்த்ததை மட்டும். பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் முதலில் போடாதீர்கள், அன்று மாலைக்குள் பிள்ளையின் பெயர் வகுப்பு முழுக்கச் சுற்றி வந்துவிடும். டீச்சரிடமிருந்து ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் கவுன்சலர், அப்புறம் செக்‌ஷன் தலைவர் என்று மேலே போங்கள். அடி, மிரட்டல், ஆன்லைனில் கேவலப்படுத்துவது என்றால் காத்திருக்க வேண்டாம், ஸ்கிரீன்ஷாட்டோடு அன்றைக்கே எழுதுங்கள்.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு சங்கதி. ஹூண்டாய் போன்ற கொரிய ஆலைகளாலும் ஜப்பானிய நிறுவனங்களாலும் கொரிய, ஜப்பானியக் குடும்பங்கள் சென்னையில் நிறைய இருக்கின்றன. பல குடும்பங்கள் சில வருடத்தில் மாற்றலாகிப் போய்விடும். உங்கள் பிள்ளை கஷ்டப்பட்டுச் சேர்த்த உயிர்த்தோழி திடீரென்று ஜூனில் சியோலுக்குக் கிளம்பிவிடுவாள். பெரியவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும், பிள்ளைக்கு அது நிஜமான இழப்பு. "வேற ஃபிரெண்டு கிடைப்பாங்க" என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். கடைசி வாரம் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சேர்ந்து சாப்பிட வையுங்கள், முகவரி வாங்கிக் கொடுங்கள், கொஞ்ச நாள் அழட்டும்.

பள்ளிக்கு வெளியே உதவி வேண்டுமென்றால், பிள்ளைகளுக்கான 1098, மனநலத்துக்கான அரசின் டெலி-மானஸ் 14416, இரண்டும் இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தற்கொலை எண்ணம் பற்றிப் பேச 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகாவின் எண் 044-24640050. பிள்ளையின் போனிலும் இவை இருக்கட்டும். பிள்ளை சாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல், தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

பிடிக்கவில்லை என்று சொன்னால்

மூன்றாவது வாரத்தில் "எனக்கு இது வேண்டாம்" என்று வரும். ஏன் என்று கேளுங்கள். சலிப்பு என்றால் டேர்ம் முடியும் வரை போகட்டும், அடுத்த டேர்ம் மாற்றலாம் என்று சொல்லி அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். பயம், அவமானம், வலி என்றால் அந்த வாரமே நிறுத்திவிடுங்கள், கட்டிய பணத்தைப் பற்றிப் பிள்ளையிடம் பேசவே வேண்டாம்.

நேராக 11-ஆம் வகுப்பில் ஐ.பி. டிப்ளமாவில் சேர்பவர்களுக்கு

சி.ஏ.எஸ். குறைந்தது 18 மாதம் ஓட வேண்டும், முதல் டேர்மிலேயே தொடங்கிவிடுகிறது. மதிப்பெண் கிடையாது, ஆனால் முடிக்காவிட்டால் பாடங்களில் எவ்வளவு எடுத்தாலும் டிப்ளமா கிடைக்காது. மணிக்கணக்கு எண்ணுவதும் இல்லை. சி.ஏ.எஸ்.-க்கு ஐ.பி. வகுத்திருக்கிற ஏழு கற்றல் விளைவுகளும் பிள்ளை செய்ததில் தெரிய வேண்டும், குறைந்தது ஒரு மாதம் நீடிக்கிற கூட்டு புராஜெக்ட் ஒன்று வேண்டும், ஒருங்கிணைப்பாளரோடு மூன்று முறை உட்கார்ந்து பேச வேண்டும். ஏற்கெனவே கற்கிற நடனத்தையோ வாத்தியத்தையோ இதில் சேர்க்கலாமா என்றால், ஒரு புதுச் சவால் அதில் இருந்து, முன்கூட்டியே அனுமதி வாங்கினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். எட்டு வருடமாக ஆடுகிறவள் குடியிருப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்குவது அப்படி ஒன்று.

பிள்ளைகள் தடுமாறுவது செய்வதில் இல்லை, எழுதி வைப்பதில்தான். பன்னிரண்டாம் வகுப்பில், மே மாதத் தேர்வுக்கு முன்னால், ஒன்றரை வருடத்து நினைவுகளை ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதுகிற பிள்ளைகள் நிறைய. அதனால் ஆக்டிவிட்டி முடிந்த அன்றே, லேட் பஸ்ஸில் வரும்போதே, என்ன செய்தேன், எது கஷ்டமாக இருந்தது, அடுத்த முறை என்ன மாற்றுவேன் என்று தமிழிலேயோ தங்கிலீஷிலேயோ போனில் பேசிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அதைக் கேட்டுச் சரியான ஆங்கிலத்தில் போர்ட்ஃபோலியோவில் ஏற்றிவிடலாம், ஒரு போட்டோவும் தேதியும் சேர்த்து.